பதினோரு கதவு

"தலைக்கயிறையும் சேர்த்துக் குடுங்க."

நான்தான் கேட்டேன். கேட்கவே கூடாது என்று மூன்று முறை சொல்லியிருந்தார்கள். தெரிந்தேதான் கேட்டேன்.

இதில் ஒரு சொல்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை. நம்பாதவர்கள் என் இடது மணிக்கட்டைப் பார்க்கலாம். கறுப்பாக ஒரு வளையம் இருக்கிறது. நான் வளையல் போடுகிறவள் இல்லை.

என் பெயர் மாரீஸ்வரி. மங்கோலியாவின் உலான்பத்தூரில் ஆறு வருடமாக இருக்கிறேன். சுரங்கக் கம்பெனி ஒன்றில் பாறை மாதிரிகளைச் சோதிக்கும் வேலை. அம்மா சாத்தூர்ப் பக்கம் தீப்பெட்டி ஆபீசில் கட்டையில் குச்சி அடுக்கியவள். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியது நான். வாங்குகிறவரைக்கும் என் காதில் அதிகம் விழுந்த சொல் 'கேக்காதே'. ஹாஸ்டலில் இன்னொரு கரண்டி சோறு கேக்காதே. மார்க் ஏன் குறைந்தது என்று சாரைக் கேக்காதே. உனக்கு இடம் கொடுத்ததே பெரிசு, அதுக்கு மேலே வாயைத் திறக்காதே. அதனால், யாராவது கேட்காதே என்றால் எனக்கு முதலில் கேட்கத்தான் தோன்றும்.

இந்த ஊரில் ஆபீசிலிருந்து என் அறைக்கு நாலு கிலோமீட்டர். பஸ்ஸில் இரண்டு மணி நேரம். முன்னால் வண்டி, பின்னால் வண்டி, நடுவில் ஹாரன், எல்லாவற்றுக்கும் மேலே கரிப்புகை. ஆறு வருடம் அப்படியே நின்றேன். அதனால்தான் குதிரை. சனிக்கிழமை சேணத்தில் ஏறி உட்கார்ந்தால் மட்டும் நான் நகர்ந்தேன். யாரிடமும் அனுமதி வாங்காமல் எனக்கென்று நான் வாங்கிக்கொண்ட முதல் பொருள் அது.

ஓட்டக் கற்றுக்கொடுத்தது செர்மா அக்கா. ஊரின் வடக்கு மேட்டில், பலகை வேலி போட்ட வளவுக்குள், நாலைந்து பேருடைய குதிரைகளைப் பார்த்துக்கொள்கிறவள். அங்கிருந்து இரண்டு சந்து தள்ளி இருந்த கோம்போ அண்ணன் தன் சாம்பல் குதிரையை விற்கப்போவதாகச் சொன்னதும் அவள்தான். போகும் வழியெல்லாம் ஒரே பாட்டு. "குதிரையைப் பாரு. பல்லைப் பாரு. கயிறை மட்டும் கேக்காதே."

குதிரையின் தலையில் மாட்டும் வார், அதிலிருந்து தொங்கும் நீளக் கயிறு. விற்றவர் அதைக் கழற்றி வைத்துக்கொள்வார். வீட்டின் அதிர்ஷ்டம் அதோடு போய்விடக் கூடாது என்று. எங்கள் பக்கத்து மாட்டுச் சந்தையிலும் அதே வழக்கம்தானாம். பிறகு அம்மா போனில் சொன்னாள். ஹாஸ்டலில் வளர்ந்த எனக்கு எங்கே தெரியும்?

கோம்போ தன் சட்டைக் கையால் குதிரையின் வாயைத் துடைத்தார். பிறகு தலைக்கயிற்றைக் கழற்றப்போனார். அப்போதுதான் கேட்டேன்.

செர்மா அக்கா என் முதுகில் ஒரு குத்து விட்டாள். "ஏய் மாரி! வாயை மூடுடி."

"வண்டி வித்தா சாவியைக் குடுக்க மாட்டாங்களாக்கா?"

"உன் படிப்பைக் கொண்டுபோய் அடுப்புல போடு."

கோம்போவின் கை அந்தரத்தில் நின்றது.

"என்ன கேட்ட?"

"கயிறு."

"இன்னொரு தடவை கேளு."

கேட்டேன்.

அவர் கண் கலங்கியது. கூடவே சிரிப்பும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"நீயாத்தான் கேட்ட, தங்கச்சி. நானாக் குடுக்கல. செர்மா, நீ சாட்சி."

திரும்பி வரும்போது அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. நட."

குதிரையை அக்காவின் வளவிலேயே கட்டினேன். முதல் வாரமே ஒன்று கவனித்தேன். கயிற்றின் நுனியில் ஒரு சின்னச் சுருக்கு இருந்தது. என் நாலு விரல் நுழைந்தது. கை நுழையவில்லை. இதை யாருக்காகப் போட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

இரண்டாவது வாரம், அக்கா வீட்டில் சுற்றி ஆணியில் மாட்டிய கயிறு காலையில் தரையில் கிடந்தது. கோணல்மாணலாகக் கிடந்திருந்தால் சரி. நேர்க்கோடாகக் கிடந்தது. நுனி கதவைப் பார்த்து.

"எலி இழுத்திருக்கும்" என்றாள் அக்கா. அவள் குரல் சரியில்லை.

டிசம்பர் பதினான்கு. சனிக்கிழமை.

மூன்று பத்துக்குக் கிளம்பினேன். மேட்டுக்கு மேலே நல்ல வெயில். குளிர் மைனஸ் இருபத்தொன்பது. நாலு முப்பத்தைந்துக்குத் திரும்பினேன். கீழே ஊர் இல்லை. எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் அடுப்பைப் பற்றவைத்துவிட்டார்கள். பழுப்பு நிறத்தில் ஒரு குளம் போலப் புகை. அதற்குள்தான் இறங்க வேண்டும்.

பயமில்லை. வழி தெரியும். நேராக ஒரு சந்து, தண்ணீர் விற்கும் கொட்டகையில் இடது பக்கம், அப்புறம் அக்காவின் கதவு. ஏழு நிமிடம்.

நாலு ஐம்பத்திரண்டுக்குச் சந்துக்குள் நுழைந்தேன். குதிரையின் காது தெரிந்தது. அதற்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. போனை எடுத்தேன். அந்தக் குளிருக்கு அது எப்போதோ செத்துப்போயிருந்தது. கையில் வாட்ச் மட்டும்.

நாலு ஐம்பத்தெட்டு. தண்ணீர்க் கொட்டகை வந்தது. இடது பக்கம் திருப்பினேன்.

ஐந்து மூன்று. தண்ணீர்க் கொட்டகை.

அதே கொட்டகை. அதே உடைந்த நீலக் குழாய். திரும்பவும் இடது பக்கம் திருப்பினேன்.

ஐந்து ஆறு. தண்ணீர்க் கொட்டகை.

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது... நாய்கள். இந்த மேட்டில் வேலி இருந்தால் நாய் இருக்கும். குதிரைக் காலடி கேட்டால் ஊரே குரைக்கும். அன்று ஒன்றுகூடக் குரைக்கவில்லை. வேலிக்குப் பின்னால் அவை இருந்தன. மூச்சு விடுவது கேட்டது. மெல்ல முனகுவதும் கேட்டது.

சேணத்தில் சுருட்டி வைத்திருந்த தலைக்கயிறு நழுவியது. விழுகிறதே என்று குனிந்தேன்.

விழவில்லை.

குதிரையின் தாடையிலிருந்து முன்பக்கமாக, நேராக, விறைப்பாகப் புகைக்குள் போனது. யாரோ பிடித்து இழுத்துக்கொண்டு நடப்பது போல.

கடிவாளத்தை இழுத்தேன். குதிரை நிற்கவில்லை. இறங்கலாம் என்று அங்கவடியிலிருந்து காலை எடுக்கப் பார்த்தேன். இரண்டு பக்கமும் பலகை. சந்து அவ்வளவு குறுகலாகிவிட்டிருந்தது. என் முழங்கால்கள் வேலிக்கும் குதிரைக்கும் நடுவில் நசுங்கின. பின்னால் திருப்பவும் இடமில்லை.

குதிரை நின்றது. ஒரு கதவு.

டக்... டக்... டக்...

பிறகு ஒரு குரல். முன்னாலிருந்து. தாழ்வாக.

"நாயைப் பிடிங்க..."

இந்த ஊரில் எந்த வாசலில் நின்றாலும் முதலில் அதைத்தான் சொல்வார்கள். நாய் இல்லாத வீட்டில்கூட. ஆனால் இது சின்னக் குரல். பல் கிடுகிடுக்கும் குரல்.

கதவு திறக்கவில்லை. கயிறு விறைத்தது. நடந்தோம்.

இரண்டாவது கதவு. டக்... டக்... டக்... "நாயைப் பிடிங்க..."

மூன்று.

நான்கு.

எண்ண வேண்டும் என்று எனக்கு ஏன் தோன்றியது, தெரியாது. எண்ணினேன். எண்ணாவிட்டால் கத்திவிடுவேன் போல இருந்தது.

ஆறாவது கதவில் வாயைத் திறந்தேன். "யாராவது இருக்கீங்களா? நான் மாரி!" என்று கத்தினேன்.

அந்தச் சொற்கள் வெளியே வரவில்லை.

ஏழாவது கதவில் "நாயைப் பிடிங்க" என்று கேட்டது. இந்த முறை முன்னாலிருந்து வரவில்லை.

என் வாய் அசைந்தது.

ஆறு வருடமாகியும் என் மங்கோலிய மொழியில் தமிழ் வாடை போகவில்லை. ஆபீசில் கேலி செய்வார்கள். அந்தக் குரலில் அந்த வாடை இல்லை.

எட்டு.

ஒன்பது. உள்ளே ஒரு பெண் இருமினாள். தெரிந்த இருமல். யாருடையது... நினைவுக்கு வரவில்லை. கதவு திறக்கவில்லை.

பத்து. என் இடது கை மரத்துப்போயிருந்தது. குனிந்து பார்த்தேன்.

அந்தச் சின்னச் சுருக்கு. என் மணிக்கட்டில்.

பதினொன்று.

டக்... டக்... டக்...

"நாயைப் பிடிங்க..."

உள்ளே நாய் ஓடி வந்தது. குரைக்கவில்லை. வால் பலகையில் படபடவென்று அடித்தது. சந்தோஷத்தில் அழுதது.

காலடி. பனியில் நறநறவென்று.

கதவுக்கு அந்தப் பக்கம் நின்றது.

மூச்சு கேட்டது. சாராய வாடை வந்தது.

தாழ்ப்பாளில் ஒரு கை பட்டது...

திறக்கவில்லை.

காலடி திரும்பிப் போனது.

கயிறு தொய்ந்தது. நான் விழுந்தேன். எங்கோ ஒரு கார் திரும்பியது. அதன் வெளிச்சத்தில் கதவைப் பார்த்தேன். பச்சைத் தகரம், மேலே ஒரு பழைய டயர். கோம்போவின் கதவு.

மூன்று மணி நேரம் போலிருந்தது எனக்கு. வாட்ச்சில் ஐந்து இருபத்தாறு.

குதிரையைப் பிடித்துக்கொண்டு அக்காவின் வளவுக்கு நடந்தேன். இரண்டே சந்து. அவள் என் கையைப் பார்த்தாள். படுக்க வைத்தாள். வெளிச்சத்தை அணைக்கவில்லை.

மறுநாள் பிற்பகலில் உப்புப் போட்ட பால் டீயைக் கொண்டுவந்து வைத்தாள். உட்காரவில்லை.

"எத்தனை கதவு?" என்றாள்.

நான் அவளிடம் எதையும் சொல்லியிருக்கவில்லை.

"பதினொண்ணு."

"அவளும் பதினொண்ணுதான் தட்டினா."

கோம்போவின் மகள் துங்கலக். ஒன்பது வயது. இரண்டு வருடத்துக்கு முன் ஜனவரியில், இதே குதிரையைத் தண்ணீருக்கு இழுத்துப் போனவள் புகையில் வழி தவறிவிட்டாள். கயிறு நழுவாமலிருக்க நுனியில் சுருக்குப் போட்டு மணிக்கட்டில் மாட்டிக்கொள்வாளாம்.

"ஒவ்வொரு கதவாத் தட்டியிருக்கா. புகையில குடிகாரனுங்க தொல்லைன்னு யாரும் திறக்கல. புள்ள குரல் கேட்டவங்க, வேற வீட்டுப் புள்ள, அவங்க வீட்டுல பாத்துக்குவாங்கன்னு இருந்துட்டோம்."

"கடைசிக் கதவு?"

"அவ வீடு. புகையில அவளுக்கு அது தெரியல. நாயைப் பிடிங்கன்னு சொன்னா. கோம்போ கதவு வரைக்கும் வந்தான். சொந்த வீட்டு வாசல்ல சொந்தப் புள்ள நாயைப் பிடிங்கன்னு சொல்லுமா? யாரோ வெளியாளுன்னு திரும்பிட்டான். நாய் குரைக்கலையேன்னு மட்டும் யோசிக்கல." மூக்கை உறிஞ்சினாள். "காலைல அந்தக் கதவுலதான் சாஞ்சு கிடந்தா. சுருக்கு கையில. குதிரை அவ மேல நிழலாட்டம் நின்னுட்டிருந்துச்சு."

அதன் பிறகு புகை இறங்கும் நாளெல்லாம் அவர் கதவு தட்டப்பட்டதாம். தலைக்கயிற்றை எரிக்கக் கூடாது. எறியக் கூடாது. தானாகக் கொடுக்கவும் முடியாது.

"யாராவது வாய்விட்டுக் கேக்கணும். இந்த ஊர்ல எவ கேப்பா?"

"நான்."

"நீ."

டீ ஆறிக்கொண்டிருந்தது.

"ஒன்பதாவது கதவு உங்களோடது. இருமுனீங்க."

அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

"ஏன்க்கா திறக்கல?"

"உன் குரல்னா திறந்திருப்பேன்டி. வந்தது உன் குரல் இல்ல. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அந்தக் கதவுல கேட்ட அதே குரல்." டீயை என் பக்கம் நகர்த்தினாள். "அன்னிக்கும் நான் திறக்கல."

"கயிறைக் கேக்காதேன்னு மூணு தடவை சொன்னீங்களே. ஏன்னு ஒரு தடவை சொல்லியிருக்கலாமே?"

"ஏன்னு சொன்னா, நான் திறக்காததையும் சொல்லணுமே."

எனக்கு அவளை அடிக்கலாம் போல இருந்தது. அவள் அதற்குத் தயாராக நிற்பது போலவும் இருந்தது.

அப்புறம், குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். "உங்க ஆபீசுக்குப் புதுசா ஒரு வெளிநாட்டுப் பொண்ணு வந்திருக்குன்னியே. குதிரைன்னா உசுருன்னியே. அவளுக்கு வித்துடு. அவ கேப்பா. கேக்கக் கூடாதுன்னு அவளுக்கு யாரும் சொல்ல வேணாம்."

உண்மையைச் சொல்கிறேன். ஒரு நிமிடம் யோசித்தேன். அந்தப் பெண்ணின் பெயர்கூட நாக்கு நுனி வரை வந்தது.

எழுந்து ஆணியிலிருந்து கயிற்றை எடுத்தேன்.

"எங்கடி போற? மணி நாலாகுது. புகை இறங்குது."

"யாராவது கேட்டாத்தானே போகும்? அவரே கேக்கட்டும். என் மகளோட கயிறைக் குடுன்னு அவர் வாயால கேக்கணும்."

"அவன் கதவையே திறக்க மாட்டான் மாரி."

"திறக்குற வரைக்கும் தட்டுவேன். எனக்குப் பழக்கம்தான்."

"குதிரை?"

"இருக்கட்டும். அது என்னோடது."

வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். புகை பழுப்பாக இறங்கியிருந்தது. எதிர்வேலி தெரியவில்லை. வளவில் இருந்த நாய் என்னைப் பார்த்துவிட்டு, எனக்குப் பின்னாலும் பார்த்தது. குரைக்கவில்லை.

கயிற்றின் மறுமுனை பனியில் இழுபட்டு வர வேண்டும். அந்தச் சத்தம் கேட்கவில்லை. கயிறு என் கையிலிருந்து பின்பக்கமாக, தரையில் படாமல் நின்றது. ஒன்பது வயதுப் பிள்ளையின் கை உயரத்தில்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை. வெளியே நடந்தேன்.