தண்ணி நிலவரம் சொன்ன காலம்

"முதலாளி ஊருல இல்ல"ன்னு நம்மகிட்ட எவர் சொல்லுதாரோ அவர்தான் முதலாளி. விளம்பரம் பிடிக்கப் போன எல்லாருக்கும் இது தெரியும். நீங்களும் தோள்ல பையை மாட்டிக்கிட்டு கடை கடையா ஏறி இறங்குன ஆளுன்னா, வாங்க, பக்கத்துல உக்காருங்க. தென்காசியில ஒரு லோக்கல் சேனல்ல நான் விளம்பரமும் பிடிச்சேன், கேமரா முன்னால உக்காந்து செய்தியும் வாசிச்சேன். சேனல் பேரு வேண்டாம். இப்ப அது அடுத்தவங்க சொத்து.

சம்பந்தி பாத்துட்டாரு

கோபுரத்துக்குப் பின்னால ஒரு மாடி ரூம்ல ஆரம்பிச்சோம். முதலாளி சங்கரபாண்டி அண்ணாச்சி, அதுவரைக்கும் கல்யாண வீடியோ எடுத்துக்கிட்டு இருந்தவர். கேமராவுக்கு இசக்கி. மத்த எல்லாத்துக்கும் நான். ஃபேன் போட்டா மைக்குல சத்தம் கேக்கும்னு வேர்த்து வடிய உக்காந்து செய்தி வாசிப்பேன். பவுடர் கழுத்து வரைக்கும் ஒழுகும்.

முதல் விளம்பரத்துக்கு ஒரு பாத்திரக்கடைக்காரர்கிட்ட நடையா நடந்தேன். "இதை எவன் பாப்பான்?"னு விரட்டிவிட்டாரு. அண்ணாச்சி விடல. "சும்மா எடுத்துப் போடுவோம்மா, பெறவு பேசிக்கிடுவோம்"னாரு. குடம், குத்துவிளக்கு, இட்லிக் கொப்பரை எல்லாத்தையும் வளைச்சு வளைச்சு எடுத்துட்டு, கடைசியில கடைக்காரர் கும்பிடுத மாதிரி ஒரு ஷாட்டும் வச்சோம். மறுநாள் அவரே மூச்சு வாங்க மாடியேறி வந்தாரு. சண்டைக்குத்தான் வருதாருன்னு இசக்கி கேமராவத் தூக்கி உள்ள வச்சுட்டான். அவரு எங்கிட்ட குனிஞ்சு ரகசியமாச் சொன்னாரு: "ராயகிரியில இருந்து சம்பந்தி எங்களப் பாக்க வந்தாரும்மா, வந்த இடத்துல டிவியில என்னைப் பாத்துட்டாரு. பானைய விடு, என் முகத்த இன்னும் ரெண்டு தடவ காட்டு."

மாரியக்கா கூடை

குற்றாலத்துல சாரல் தொடங்கிட்டா ஆபீஸ் போன் ஓயாது. செய்தியப் பத்தி ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. "அருவியில தண்ணி விழுதா?" அது ஒண்ணுதான் கேள்வி. பதில் சொல்லிச் சொல்லி என் தொண்டை கட்டினதுதான் மிச்சம். கடைசியில அண்ணாச்சி அதையே நிகழ்ச்சியாக்கிட்டாரு. விடியக்காலம் இசக்கி பைக்குல போயி மெயினருவி, ஐந்தருவி, பழைய அருவின்னு எடுத்துட்டு வருவான். நான் வாசிப்பேன். விழுந்தா விழுது, இல்லைன்னா இல்லை. அன்னைக்கு எடுத்த படத்தத்தான் அன்னைக்குப் போடணும். அண்ணாச்சி போட்ட சட்டம் அது ஒண்ணுதான்.

ஒருநாள் செங்கோட்டை பஸ்ல ஒரு அக்கா என்னையே உத்து உத்துப் பாத்தாங்க. மடியில காலிக் கூடை. இலஞ்சிக்காரங்க, பேரு மாரி. குற்றாலத்துல ரம்புட்டானும் மங்குஸ்தானும் விக்குதவங்க. தண்ணி இல்லைன்னா கூட்டம் இல்லை, கூட்டம் இல்லைன்னா பழம் மறுநாளே கறுத்துரும். என் கையப் பிடிச்சுக்கிட்டு அவங்க சொன்னதுல எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. அடுத்த ஸ்டாப்புல இறங்கணும்ங்கிறதே மறந்துபோச்சு. "ஏட்டி, தண்ணி சொல்லுத பிள்ள நீதானே? நீ விழுதுன்னா நான் ரெண்டு கூடை தூக்குவேன், இல்லைன்னா ஒண்ணோட நிறுத்திக்கிடுவேன்."

காய்ச்சல்காரர்

ஒரு ஆடி மாசம் ஐந்தருவியில நல்ல தண்ணி. இசக்கி உற்சாகத்துல குளிக்குதவங்க பக்கத்துல போயே எடுத்துட்டான். தலை நிறைய எண்ணெய் வச்சு, கண்ண மூடி, சொர்க்கத்துல நிக்குத மாதிரி ஒருத்தர் நின்னாரு. பாத்தா ஒரு பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியாரு. காய்ச்சல்னு லீவு எழுதிக் குடுத்துட்டு வந்திருக்காரு. அவரோட ஹெட்மாஸ்டர் எங்க நிகழ்ச்சிய ஒருநாள் விடாமப் பாக்குதவரு.

சாயங்காலமே வாத்தியாரு ஆபீசுக்கு வந்துட்டாரு. இசக்கி ஸ்டூலுக்குப் பின்னால ஒளிஞ்சான். ஸ்டூலு எங்க, அவன் எங்க! வாத்தியாரு கத்தல. காய்ச்சல் வந்தவரு மாதிரியே ஈனஸ்வரத்துல பேசினாரு. அவரு அன்னைக்குச் சொன்னதுல இருந்து எங்க கேமரா குளிக்குதவங்க தலைக்கு மேலதான் எடுக்கும். "தண்ணிய எவ்வளவு வேணாலும் காட்டுங்கம்மா, அதுக்குக் கீழ நிக்குத தலைய ஏன் காட்டுதிய?"

லாட்ஜ்காரர் கோபம்

சேனல் நல்லா வளந்த நேரம். கல்யாண மண்டபம், ஜவுளிக்கடைன்னு விளம்பரம் வரிசை கட்டி நின்னுச்சு. அதுல பெரிய ஆளு ஒரு லாட்ஜ்காரர். சீசன் பூரா விளம்பரம் அவரோடது. அந்த வருஷம் பாத்து மழை ஏமாத்திருச்சு. பாறை காஞ்சு கிடக்கு. "தண்ணி இல்லைன்னு சொல்லாதீங்க, போன வருஷப் படத்தப் போடுங்க"ன்னாரு. அண்ணாச்சி முடியாதுன்னுட்டாரு. விளம்பரம் போச்சு.

எனக்கு வந்துச்சே கோபம்! அந்த விளம்பரத்துக்காக அவர் வாசல்ல நான் தவம் கிடந்திருக்கேன். ரெண்டு நாளு அண்ணாச்சிகூட பேசல. டீ வாங்கிக் குடுத்தாரு, குடிக்காம வச்சுட்டேன். மூணாம் நாள் போன். அந்த லாட்ஜ்காரரேதான், குரல் மட்டும் அப்படியே குழையுது. "சம்பந்தி வீட்டாளுக குளிக்க வருதாங்கம்மா. என் மேனேஜர் சொல்லுதத நம்ப முடியல, நீ உள்ளதச் சொல்லு, தண்ணி விழுதா?"

கையெழுத்து போட்ட நாள்

பெறவு எல்லார் கையிலயும் போன் வந்துச்சு. கடைக்காரங்க தாங்களே வீடியோ எடுத்துப் போட்டுக்கிட்டாங்க. முகத்தக் காட்டச் சொன்ன பாத்திரக்கடைக்காரரே, பேரன் எடுத்துப் போடுதான்னு நழுவிட்டாரு. அண்ணாச்சி ரொம்ப இழுத்துப் பாத்தாரு. முடியல. மதுரையில இருந்து ஒரு கம்பெனி வந்து சேனல மொத்தமா விலைக்குக் கேட்டுச்சு.

கையெழுத்துக்கு முன்னால, கம்பெனியில இருந்து வந்த தம்பிகிட்ட நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன்: "தண்ணி நிலவரத்த மட்டும் விட்டுராதீங்க." அவரு லேப்டாப்புல எங்க படங்களைத் தள்ளித் தள்ளிப் பாத்தாரு, சந்தோஷமாத் தலையாட்டினாரு. அண்ணாச்சி துண்டால கேமரா லென்ஸத் தொடச்சுக்கிட்டே இருந்தாரு. அந்தக் கேமராவும் சேனலோட சேத்துத்தான் போகுது. எனக்கு அழுகையா வந்துச்சு. தம்பி நிமிந்து சொன்னாரு: "கவலைப்படாதீங்க மேடம், வாட்டர்ஃபால்ஸ் ஷாட் ஏகப்பட்டது இருக்கு, வருஷம் பூரா இதையே மாத்தி மாத்தி ஓட்டிக்கலாம்."

காஞ்ச பாறை

சொன்ன மாதிரியே ஓட்டுதாங்க. இந்த வருஷம் சாரல் வரவே இல்லை. டிவியில மட்டும் அருவி கொட்டுது. நான் அதைப் பாக்குததே விட்டுட்டேன்.

போன வாரம் மேலகரத்துல என் வீட்டு வாசல்ல மாரியக்கா நிக்குதாங்க. தலையில ஒரு கூடை, இடுப்புல ஒரு கூடை, ரெண்டும் நிறைய. பழம் எல்லாம் கறுத்துப்போச்சு. உள்ள கூப்பிட்டேன், வரல. தண்ணி குடுத்தேன், வாங்கி மடக்கு மடக்குன்னு குடிச்சாங்க. திட்டுவாங்கன்னு நினைச்சேன், திட்டியிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும். "டிவியில கொட்டோ கொட்டுன்னு கொட்டுதுட்டி, அங்கன போனா பாறை காயுது. அவங்க யாருன்னு எனக்குத் தெரியாது, உன்னைத்தான் தெரியும். நாளைக்கு எத்தன கூடை தூக்கட்டும், நீயே சொல்லு."

இப்ப விடிஞ்சதும் மொட்டைமாடி ஏறி, மலையில அருவி வெள்ளைக் கோடாத் தெரியுதான்னு பாத்துட்டு மாரியக்காவுக்குப் போன் போடுதேன். சேனல வித்தாச்சு, கேமராவ வித்தாச்சு, பேரையும் வித்தாச்சு. இந்த ஒரு வேலைய மட்டும் யாரும் விலைக்குக் கேக்காததால அது என் தலையிலயே நின்னுபோச்சு.