வாசல்ல தாமரை டைல்ஸ்

ஈசூன்ல வாங்கின எங்க புது வீட்டுக்கு டைல்ஸ் போட்டு முடிச்சாச்சு. வாசலுக்கு மட்டும் நானே கடை கடையா ஏறித் தாமரைப்பூ டிசைன் எடுத்தேன்.

போன வாரம் மாமியார் பார்க்க வந்தாங்க. கதவைத் திறந்தா, உள்ளே வரலை.

"லட்சுமி உட்கார்ற பூம்மா இது. இதுல எப்படிக் காலை வைக்கிறது?"

"வெறும் டைல்ஸ் லா அம்மா"ன்னார் என் வீட்டுக்காரர்.

அவங்க சேலையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ஒரே எட்டுல தாண்டி உள்ளே வந்தாங்க.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனா அவங்க கிளம்பினதுலேர்ந்து அதுல கால் வைக்க மனசு வரலை. சுவரை ஒட்டியே போய் வர்றேன். ஃபேன் மாட்ட வந்தவர் அதை மிதிச்சுக்கிட்டு உள்ளே போனப்போ பகீர்னு இருந்துச்சு.

இப்ப வீட்டுக்காரரும் சத்தமில்லாம தாண்டுறார்.

அடுத்த வாரம் பால் காய்ச்சுறோம், எல்லாரும் வரணும். யாருக்கெல்லாம் முட்டி வலின்னு முன்னாடியே சொல்லிடுங்க.