ஒன்பது கிலோபைட்டில் கிரிவலம்

அந்த கேசட் இன்னும் என் பீரோவில் இருக்கிறது. மேலே ஒட்டிய தாளில் எங்கள் கம்ப்யூட்டர் சென்டர் முதல்வரின் பெயரும் பட்டங்களும் நுணுக்கி நுணுக்கி எழுதியிருக்கும். உள்ளே பதிந்திருக்கும் கம்ப்யூட்டர் விளையாட்டை எழுதிய என் பெயர் இல்லை.

எண்பதுகளின் நடுவில் தேரடித் தெருவில் ஒரு லாட்ஜ் மாடியில் அந்த சென்டர் இருந்தது. கம்ப்யூட்டரைப் பற்றி முதல்வருக்குத் தெரிந்தது இரண்டுதான்: அதற்கு ஏசி வேண்டும், செருப்பை வெளியே விட வேண்டும். அங்கே பாடம் நடத்திய நான், படமே இல்லாமல் எழுத்தாலேயே ஆடும் கிரிவல விளையாட்டு ஒன்றை எழுதினேன். இடத்தின் விவரம் திரையில் வரும். 'போ', 'குடி' என்று ஆங்கில எழுத்தில் தட்டினால் அடுத்தது நடக்கும். மெஷினின் நினைவகம் பதினாறு கிலோபைட். எனக்கு மிஞ்சியது ஒன்பது. ஒவ்வொரு எழுத்தும் இடத்தைத் தின்றது. நந்தியின் கொம்பைக்கூட வெட்டித்தான் உள்ளே வைத்தேன். பிறகுதான் உறைத்தது, மலையை வலமாகத்தான் சுற்றுவார்கள், யாரும் இடப்பக்கமாகச் சுற்றுவதில்லையே! திரும்பி வரும் வழிகளையெல்லாம் எடுத்துவிட்டேன். மிச்சமான இடத்தில் எங்கள் ஊரான அடி அண்ணாமலையையும், பௌர்ணமிக்குப் பௌர்ணமி அம்மா அங்கே போடும் மோர்க்கடையையும் வைத்தேன். நான்கே வரி. அதைக் காட்டத்தான் ஆண்டு விழாவுக்கு அம்மாவை அழைத்தேன்.

முந்தின நாள் முதல்வர் வந்து பார்த்தார். "ஒம்போது 'கே'தானா? ரொம்ப கம்மியா இருக்கேம்மா. பெருசா இருந்தாத்தானே மதிப்பு?" என்றார், புடவைக்கு நீளம் பார்ப்பவர் போல. தன் பெயர், பாதிக்குப் பாதி தானே சூட்டிக்கொண்ட பட்டங்கள், வரவேற்புரை எல்லாம் முதலில் வர வேண்டுமென்று ஒரு முழுத்தாளை நீட்டினார். இடமில்லை என்றேன்.

"அந்த மோர்க்கடைய ஊரோட தூக்கிடுங்க. கம்ப்யூட்டருக்கு எதுக்கு மோரு?"

வேலை போய்விடுமோ என்று பயந்தேன். தூக்கிவிட்டேன்.

விழாவில் அவருடைய பட்டங்கள் ஓடி முடியவே வெகுநேரம் ஆயிற்று. பிறகு நான் வாசிக்க வாசிக்க அம்மா திரையருகே நின்று கேட்டாள். வருண லிங்கம் தாண்டியதும் வாயு லிங்கம் வந்தது.

"இன்னாடி, நடுவுல நம்ம ஊரக் காணோம்?"

முதல்வர் முந்திக்கொண்டார். "மிஷின்ல இடம் பத்தலைங்கம்மா."

அம்மா நம்பிவிட்டாள். "பாவம், சின்ன மிஷினு, நம்மள வெக்க இடமில்லியாம்" என்று ஊரெல்லாம் சொன்னாள்.

இப்போதும் பௌர்ணமி தோறும் தன் முகம் போட்ட வாழ்த்துப் படத்தை அந்த மனிதர் என் போனுக்கு அனுப்புகிறார். அந்த ஒரு படத்துக்குள் என் விளையாட்டு நூறு தடவை அடங்கும். அவரைத் திட்டுவது எனக்குச் சுலபம், இன்னும் அலுக்கவில்லை. ஆனால் கேசட்டைக் கையில் எடுத்தால் உறுத்துவது வேறு. அந்த நான்கு வரியை அழித்தது என் விரல். அம்மா போய்ச் சேரும்வரை மிஷினைத்தான் குறை சொன்னாள். நான் வாயைத் திறக்கவில்லை.