ஆறாம் வகுப்பு மட்டும்

என் தங்கைக்குக் கால்நடை மருத்துவம் கிடைக்காமல் போனதற்குக் காரணம் நான்தான். அரசாங்கம் இல்லை, அவள் எடுத்த மார்க்கும் இல்லை. இதை வாய்விட்டுச் சொன்னால் அம்மா, "கிறுக்கி மாதிரிப் பேசாத" என்று அதட்டுவாள். அதட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அப்பா இறந்தபிறகு சங்கரன்கோவில் பக்கமிருந்து நாங்கள் மூன்று பேரும் திருப்பூருக்கு வந்தோம். தங்கை அப்போது இரண்டாம் வகுப்பு. அம்மா பனியன் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டப் போனாள். பத்தாவதை முடித்திருந்த நானும் கொஞ்ச நாளில் அதே கம்பெனியில் செக்கிங்கில் சேர்ந்தேன். தைத்து வரும் துணியை விளக்கு வெளிச்சத்தில் விரித்துப் போட்டு, ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் எல்லாவற்றையும் கண்டுபிடித்து ஒதுக்குகிற வேலை. என் கண்ணுக்குத் தப்பி ஒரு பீஸ் வெளியே போகாது என்று சூப்பர்வைசர் மற்றவர்களிடம் சொல்வார். பெரிய கண்ணு!

தங்கையை வளர்த்ததில் பாதி அரசுப் பள்ளிக்கூடம்தான். மத்தியானம் சோறும் முட்டையும் அங்கே. சீருடை, செருப்பு, புத்தகம், பை எல்லாம் அங்கிருந்தே வந்தன. பின்னாளில் சைக்கிளும் கொடுத்தார்கள். நாங்கள் செய்ததெல்லாம் காலையில் தலை பின்னி அனுப்பியதுதான்.

அவள் ஐந்தாவது படிக்கும்போது கம்பெனியில் ஆர்டர் குவிந்தது. தினமும் ஒன்றரை ஷிப்ட். காலையில் போனால் நானும் அம்மாவும் வீடு திரும்ப எட்டரை தாண்டிவிடும். தங்கை நாலரைக்கே வந்து, எங்கள் லைன் வீட்டில் உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் நான் தட்டியபோது திறக்கவில்லை. "நான்தான்டி" என்று நாலைந்து தடவை சொன்ன பிறகே தாழ்ப்பாள் விலகியது. பாவாடை நனைந்திருந்தது. "யாரோ தண்ணி வேணும்னு தட்டிட்டே இருந்தாங்கக்கா" என்றாள். அவளைக் கட்டிக்கொண்டு நானும் அழுதேன்.

செக்கிங் டேபிளில் என்னோடு நிற்கும் பெண்கள்தான் வழி சொன்னார்கள். பக்கத்தில் ஒரு தனியார் பள்ளி. அதன் வேன் காலையில் வீட்டு வாசலில் ஏற்றிக்கொள்ளும். சாயங்காலம் அங்கேயே உட்கார்த்திப் படிக்க வைத்து, ஷிப்ட் முடியும் நேரத்துக்குக் கம்பெனி கேட்டில் இறக்கிவிடும். என்ன சொல்லித் தருகிறார்கள் என்று நாங்கள் யாருமே விசாரித்ததில்லை. எங்களைப் போன்றவர்கள் பள்ளிக்கூடம் தேடுவது ஷிப்டைப் பார்த்துத்தான். அம்மா தயங்கினாள். நான்தான் அடம்பிடித்து அவளை அங்கே ஆறாவதில் சேர்த்தேன்.

ஒரே வருஷம். அடுத்த வருஷம் ஆர்டர் படுத்துவிட்டது. ஐந்தரைக்கே வீட்டுக்கு வரத் தொடங்கினோம். ஏழாவதுக்கு அவளைத் திரும்ப அரசுப் பள்ளியிலேயே சேர்த்துவிட்டோம். அந்த வருஷத்தை அத்தோடு மறந்தும்போனோம்.

அவள் ஒன்பதாவது படித்தபோது வீட்டுக்காரம்மாவின் மாடு கன்று போட முடியாமல் தவித்தது. வந்த டாக்டர் ஒரு பெண். வெந்நீர் வாளியைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றவள் இவள்தான். அன்றிலிருந்து ஒரே பேச்சு, மாட்டு டாக்டர். வீட்டுக்காரம்மாவும் அவளை "டாக்டரம்மா" என்றே கூப்பிட ஆரம்பித்தார். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடு வந்திருப்பதாக டீச்சர் சொல்லியிருந்தார். நாம்தான் அரசுப் பள்ளியாயிற்றே என்று மூன்று பேரும் நிம்மதியாக இருந்தோம். பன்னிரண்டாவதில் அவள் வாங்கிய மார்க் பொதுப் போட்டிக்குப் போதாது. ஒதுக்கீட்டில் கிடைத்துவிடும் என்று டீச்சர்களே சொன்னார்கள்.

அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றில் கையெழுத்து வாங்க, தலைமை ஆசிரியர் அறைக்கு நானும் அவளோடு போனேன். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க, ஆறாவது மட்டும் இங்க காட்டலீங்களே. எங்கீங்க படிச்சுது?"

சொன்னேன்.

"ஆறுல இருந்து பன்னெண்டு வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சிருக்கோணுமுங்க. ஒரு வருசம் விட்டுப்போனாலும் ஆகாதுங்க."

"ஒரே ஒரு வருசந்தான் சார். வீட்ல ஆள் இல்லன்னுதான் சேத்தோம்."

"எனக்குத் தெரியுதுங்க. ஃபார்முல அதையெல்லாம் எழுதறதுக்கு எடமில்லீங்க."

எனக்கு ஆத்திரமாக வந்தது. வசதியிருந்தா அவளை வேனில் ஏற்றினேன்? யாரைத் திட்டுவது? இத்தனை வருஷம் அவளுக்குச் சோறு போட்ட பள்ளிக்கூடத்தையா? அந்த மனுஷர் வேறு எங்களுக்கு டீ வாங்கிவரச் சொல்லி ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். தங்கை பேனாவை மூடிப் பைக்குள் வைத்தாள்.

பஸ் ஸ்டாப்பில் அவள்தான் முதலில் பேசினாள். "விடுக்கா. உனக்கே அப்பப் பத்தொம்பது வயசு." அவள் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். எனக்கு அது லேசாக இருந்திருக்கும்.

இப்போது அரசுக் கல்லூரியில் விலங்கியல் படிக்கிறாள். லீவு நாட்களில் என் கம்பெனிக்கு வந்து, எதிர் டேபிளில் நின்று செக்கிங் பார்க்கிறாள். வேலையை ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டாள். சூப்பர்வைசர் அவள் கண்ணையும் புகழ்கிறார். எனக்குக் கேட்கப் பிடிக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுக்காரம்மா தொழுவத்திலிருந்து சத்தம் போட்டார். "டாக்டரம்மா! மாடு கன்னு போட்டிருக்குது. ஓடியா கண்ணு, வந்து பாரு!" பாவம், அவருக்கு யாரும் எதையும் சொல்லவில்லை. வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த தங்கை வாளியை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

"நான்தான்டி" என்று தட்டினேன். நாலைந்து தடவை தட்டினேன். அவள் திறக்கவில்லை.