சரியான பதிலுக்கு விழுந்த அடி

மிலாறு முறிந்த சத்தத்தில்தான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. தேயிலைச் செடியைக் கத்தரித்துக் கவ்வாத்து வெட்டும்போது கழிகிற கிளையை நாங்கள் மிலாறு என்போம். எங்கள் பக்கத்தில் அடுப்புக்கும் அதுதான், பிள்ளைகளுக்கும் அதுதான்.

ஆசிரியர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் முறையில் பயிற்சி கொடுக்கும் வேலையில் நான் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. நோர்வூட்டுக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையில், ஒன்பதாம் வகுப்பின் கடைசி வாங்கில் உட்கார்ந்து பாடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆசிரியர் பயிற்றப்பட்டவர், சான்றிதழ் உள்ளவர். பாடப் புத்தகத்திலிருந்து ஓர் ஆங்கிலப் பந்தியை வாசித்துவிட்டு, கப்பல் ஏன் பிந்தி வந்தது என்று ஒரு மாணவியிடம் ஆங்கிலத்தில் கேட்டார்.

"புயல் அடிச்சிருச்சு சேர். அதனால வேற தொறமொகத்துல நின்னு வந்துச்சு" என்றாள் அவள்.

பந்தியில் அப்படியேதான் இருந்தது.

"தமிழ்ல யாரு ஒன்ட்ட கேட்டா?" என்றார். அவள் கையை நீட்டினாள். அடித்தார். மிலாறு முறிந்தது. கையில் மிஞ்சிய தடித்த துண்டால் மறுபடியும் அடித்தார். நான் வாங்கைத் தள்ளிக்கொண்டு ஓடிப்போய் அவர் மணிக்கட்டைப் பிடிப்பதற்குள் அவளுடைய சுண்டுவிரல் உடைந்துவிட்டது. அவள் அழவில்லை. விரலைப் பாவாடைக்குள் சுருட்டி மறைத்துக்கொண்டாள்.

ஆங்கிலம் அவளுக்குப் புரிந்திருக்கிறது. அந்தப் புரிதலின் மேல்தான் அடி விழுந்திருக்கிறது. அப்படியானால் பயிற்சி அங்கிருந்து தொடங்க வேண்டும்: பிள்ளை தமிழில் சொல்லும் பதிலைப் பிடித்துக்கொண்டு, அதிலிருந்து அவளை ஆங்கிலத்துக்குக் கூட்டிப்போவது எப்படி?

பாடசாலை அதிபர் என்னை வெளியே அழைத்தார். "பெருசு பண்ணாதீங்க தம்பி. கம்ப வெட்டிக் குடுத்ததே அந்தப் புள்ளையோட அப்பாதான்."

உண்மைதான். வருடம் தொடங்கும்போது பெற்றோரே மிலாறைச் சீவிக் கொண்டுவந்து கொடுப்பது அங்கே வழக்கம். விரலில் கட்டுப் போட்ட பிறகு அவள் பள்ளிக்கு வரவில்லை. கோவில் தேர்த் திருவிழா முடிந்ததும் கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்பப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன்.

எனக்குப் பொறுமை கிடையாது. அடுத்த சனிக்கிழமையே ஹட்டனில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு வைத்தேன். அந்த ஆசிரியரும் வந்தார். வெளிநாட்டு வேலைக்காக ஒரு காலத்தில் நான் கொஞ்சம் கொரிய மொழி படித்திருந்தேன். புரியாத மொழியில் பிள்ளைகள் படும் பாட்டை அவர்களும் உணரட்டும் என்று, ஒரு மிலாறைக் கையில் வைத்துக்கொண்டு, பாடம் முழுவதையும் கொரிய மொழியிலேயே நடத்தினேன்.

"என்ன சேர், கொரியாவுக்கு ஆள் புடிக்கிறீங்களா?" என்றார் முன்வரிசை டீச்சர் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். நான் மேசையில் ஓங்கி அடித்தேன். சிரிப்பு நின்றது. ஒரு சந்தையின் படத்தைக் காட்டி, இது என்ன என்று கொரிய மொழியில் ஒவ்வொருவரையும் கேட்டேன். விரல் உடைத்தவர் எழுந்து, "சந்தை" என்று தமிழில் சொன்னார். அது சரியான பதில். மிலாறோடு அவர் முன்னால் போய் நின்றேன். அவர் கை தானாக நீண்டது. உள்ளங்கை மேலே, கண்கள் மூடி. நாற்பது வயது மனிதர்.

நடித்துக் காட்டும் வேகத்தில் அடித்துவிட்டேன்.

மறுகணம் அவர் என் கழுத்தைப் பிடித்துக் கரும்பலகையோடு சேர்த்து அழுத்தினார். என் உதடு கிழிந்து வாயில் இரத்தம் உப்புக் கரித்தது. இரண்டு பேர் வந்து அவரைப் பிடித்து இழுத்தார்கள்.

"சரியாத்தானடா சொன்னேன்" என்றார். அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அவளும் சரியாத்தான் சொன்னா, என்ன?" என்று கேட்டார்.

அன்று மாலையே இருவரும் அந்தப் பிள்ளையின் குடும்பம் இருந்த லயத்துக்கு, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, போனோம். அப்பா வாசலில் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டு மரியாதையாக எழுந்தார். "சேர் அடிச்சதுல எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லீங்க. அதுக்குப் படிப்பு ஏறல. என்னா பண்றது."

"ஏறாம இல்லைங்க" என்றார் ஆசிரியர். "சரியான பதிலத்தான் சொன்னிச்சு. தமிழ்ல சொன்னிச்சுன்னு அடிச்சுட்டேன்."

அப்பாவுக்கு அது உறைக்கச் சற்று நேரமானது. தப்பாகச் சொன்ன பிள்ளைக்கென்றுதான் அவர் கம்பு வெட்டிக் கொடுத்திருந்தார்.

"சரியா சொன்ன புள்ளையோட வெரலையா ஒடைச்ச?"

கத்தி உயர்ந்தது. நான் குறுக்கே விழுந்தேன். என் சட்டைக் கை தோளிலிருந்து கிழிந்தது. ஆசிரியர் ஓடவில்லை, கையைத் தூக்கித் தடுக்கவும் இல்லை. உள்ளேயிருந்து மகள் ஓடிவந்து அப்பாவின் கையில் தொங்கினாள். "விடுங்கப்பா. நான் பள்ளிக்கொடம் போகணும். இவர வெட்டிட்டா யாரு சொல்லிக் குடுப்பா?"

கத்தி கூரைத் தகரத்தில் மோதிக் கீழே விழுந்தது. அப்பா மூச்சு வாங்கினார். லயமே வாசலில் நின்றது.

"தேருக்கு ஒரு வாரம் இருக்கு. திங்கக்கெழம நானும் வந்து வகுப்புல குந்துவேன்" என்றார் கடைசியில். "எம்புள்ள வாயிலருந்து இங்கிலீசு வரணும். கை அவ மேல படக்கூடாது. வரலைன்னா கொழும்புதான்."

நாளை திங்கட்கிழமை. இன்று பகல் முழுக்க ஆசிரியரும் நானும் ஒத்திகை பார்த்தோம். கேள்வியைக் கேட்டதும் பிள்ளைகள் பக்கத்தில் இருப்பவரோடு தமிழில் பேசிக்கொள்ள விடுவது. அவர்கள் சொல்லும் பதிலுக்கு வேண்டிய ஆங்கிலச் சொற்களைப் பலகையில் எழுதுவது. வாக்கியத்தின் பாதியை நாம் கொடுத்து, மீதியை அவர்கள் சொல்லும்வரை காத்திருப்பது. காத்திருப்பதுதான் அவருக்கு வரவில்லை. ஒவ்வொரு தடவையும் கை இறுகுகிறது. அதனால் இரண்டு கைகளிலும் சுண்ணக்கட்டியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். அவள் வாய் திறக்கும்வரை அவரும் நானும் ஒரு வார்த்தை பேசப்போவதில்லை.