வாயில் போட்ட சாம்பல்

இலங்கையில், பெல்மதுளைக்குக் கொஞ்சம் முன்னால் ராணுவச் சோதனைச் சாவடி. 1992. இந்த வருடத்து மாலை வானம் இங்கேயும் ஊதா கலந்த சிவப்பு. பஸ்ஸிலிருந்து எங்களை இறக்கி வரிசையில் நிறுத்துகிறார்கள். என் பையைக் கொட்டிய சிப்பாய் ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரிக்கிறான். உள்ளே சாம்பல் நிறத் தூள்.

சிங்களத்தில் ஏதோ கேட்கிறான். எனக்கு நாலு சொல்தான் தெரியும். பயத்தில் அதுவும் வரவில்லை. போன வருடம் பிலிப்பைன்ஸில் வெடித்த எரிமலையின் சாம்பல் இது. கப்பலில் வேலை செய்யும் தம்பி அனுப்பியதை விஞ்ஞான வாத்தியார் ஒருவருக்குக் கொண்டுபோகிறேன். இதை எப்படிச் சொல்வது? அவன் தோளிலிருந்து துப்பாக்கி இறங்குகிறது.

பின்னால் நின்ற தேயிலைத் தோட்டத்துக்காரர் முன்னால் வந்து சரளமான சிங்களத்தில் பேசுகிறார். ‘கோவில்’ மட்டும் எனக்குப் பிடிபடுகிறது. ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் பூசி, விரலில் மிஞ்சியதை நாக்கில் போட்டுக்கொள்கிறார். சிப்பாய் அவர் வாயையே பார்க்கிறான். அவர் விழுங்குகிறார். போகச் சொல்லிச் சிப்பாயின் கை அசைகிறது.

பஸ் நகர்ந்ததும் கேட்கிறார்: “துண்ணூறுன்னு நெனச்சேன். என்னாதுங்க அது?”

சொல்கிறேன். அந்த மலை கக்கிய புகை உலகம் முழுக்கப் பரவி, வெயிலை மறைத்து, பூமியையே கொஞ்சம் குளிர வைத்திருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே தெரியும் சிவப்பும் அதனால்தான்.

“உலகத்தையே குளிர வச்சுச்சா? எனக்குத் தொண்டை எரியுதுங்க,” என்கிறார். “பல்லுல நறநறன்னதுமே தெரிஞ்சிருச்சு, துண்ணூறு இல்லேன்னு. அவன் என் வாயையே பாத்துக்கிட்டு நிக்கிறான். எப்படிங்க துப்புறது?”