மூக்குப் பதிவேடு

“மோந்து பாத்துச் சொல்லுங்க” என்றபடி ஒரு பிடி கறுப்பு உரத்தை, களத்துக்குள் வருபவரின் முகத்துக்கு நேரே நீட்டுகிறார் அந்த அம்மாள். வந்தவர் யார், எதற்காக வந்தார் என்ற விசாரணையெல்லாம் அதற்குப் பிறகுதான். தபால்காரரானாலும் சரி, வழி தவறி உள்ளே நுழைந்தவரானாலும் சரி, விலக்குக் கிடையாது. அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே நீள நோட்டில் எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொள்கிறார். நோட்டில் மூன்று பத்திகள்: தேதி, சூடு, மூக்கு. மூன்றாவது பத்தி முழுவதும் பிறருடைய மொழி. “மழைக்கு அப்புறம் மண்ணு” என்றிருக்கிறார் தபால்காரர். “பழைய மர அலமாரி” என்றிருக்கிறார் மின்கணக்கு எடுக்க வந்தவர். “எனக்கே ஜலதோஷம், என்னை ஏன் கேக்குற?” என்று அவருடைய சொந்தத் தம்பி சொன்னதும் அட்சரம் பிசகாமல் அங்கே இருக்கிறது, கையெழுத்துடன்.

காரணம் எளிது. பதினோரு ஆண்டுகளுக்கு முன் வந்த ஒரு காய்ச்சல் அவருடைய மோப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டது. நாளொன்றுக்கு இரண்டு டன் காய்கறிக் கழிவை உரமாக்கி விற்கும் அந்த அம்மாளுக்கு நாற்றமும் தெரியாது, மணமும் தெரியாது. அதற்காக அவர் வருந்தி யாரும் பார்த்ததில்லை. “மூக்கு ஆளுக்குத் தகுந்த மாதிரி பேசும் சார். பசிச்சா ஒண்ணு, கோவம் வந்தா ஒண்ணு. சூடு அப்படிப் பேசாது” என்பார். யாராவது நலம் விசாரித்தால்கூட “இன்னிக்கு அறுபத்திரண்டு” என்று குவியலின் வெப்பத்தைத்தான் பதிலாகச் சொல்வார். தெரு அவருக்குச் சூட்டம்மா என்று பெயர் வைத்ததில் வியப்பில்லை.

உரத் தொழிலுக்கு வருமுன் பதினான்கு ஆண்டுகள் ஒரு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் கொதிகலன் பார்த்தவர். சூட்டையும் நீராவியையும் காதால் அறியும் பழக்கம் அங்கே வந்தது. அவருடைய களத்தில் குவியலை எவரும் மண்வெட்டியால் புரட்டுவதில்லை. அடியில் துளையிட்ட குழாய்கள் ஓடுகின்றன. மூடப்பட்ட ஒரு வண்ணப்பூச்சுப் பட்டறையிலிருந்து வாங்கிய காற்றுறிஞ்சி, அரை மணிக்கு இரண்டு நிமிடம், குவியலின் வழியாகக் காற்றை இழுக்கிறது. அதை இயக்கி நிறுத்துவது, கழித்துப் போட்ட சலவை இயந்திரத்திலிருந்து கழற்றிய நேரக்கருவி. இழுத்த காற்று முழங்கால் உயர மரச்சில்லுப் படுகைக்குள் புகுந்து, தன் நாற்றத்தை அங்கே தொலைத்துவிட்டு வெளியேறுகிறது. “காத்தைக் குளிப்பாட்டித்தான் வெளிய அனுப்புறோம்” என்பது அவருடைய விளக்கம். கை நீள வெப்பமானியைக் குவியலின் வயிற்றில் செருகி, மூன்று நாள் தொடர்ந்து ஐம்பத்தைந்துக்குக் குறையாமல் இருந்தால்தான் நோய்க்கிருமியும் களைவிதையும் செத்தன என்று ஒப்புக்கொள்வார். “காய்ச்சல் வரணும் சார். வராத குவியலைத்தான் டாக்டர்கிட்ட காட்டணும்.”

வேலை நேரத்தில் கணவருடைய பழைய சட்டையை மேலே போட்டுக்கொள்கிறார். பொத்தான் வைத்த பை உள்ள சட்டைதான் வேண்டும். கழிவு வண்டி ஓட்டும் கணவர், “கல்யாண வீட்டுக்குப் போட்டுட்டுப் போக எனக்கு ஒரு சட்டை மிஞ்சல” என்று புலம்புவதுண்டு. முக்கியம் என்று சூட்டம்மா கருதிய எதுவும் அந்தப் பைக்குள் போகும். மேலே பொத்தான் விழும். “அண்ணி பைக்குள்ள போனா கோர்ட்டுக்குப் போன மாதிரி. நம்ம காலத்துல திரும்பாது” என்கிறார், களத்தின் நிரந்தர மூக்காகப் பணியாற்றும் நாத்தனார்.

நான் சூட்டம்மாவை அறிந்தது என் கடிதம் ஒன்றால். சென்ற ஆண்டு நகர அலுவலகம், இருபத்துநான்கு மணி நேரத்தில் கழிவை உரமாக்கும் என்று சொல்லி ஓர் இயந்திரம் வாங்கி, என் வீட்டுக்குப் பின்புறக் கொட்டகையில் நிறுவியது. அது தந்த பொடியை அடைத்து அங்கே குவித்த மூட்டைகள் மழையில் நனைந்து நாறின. பதினேழு வரிகளில் புகார் எழுதினேன். “பின்புறக் கொட்டகை” என்று மூன்று இடத்தில் குறிப்பிட்டேன். முத்திரையிட்ட ஒப்புகைச் சீட்டும் பெற்றேன். கொட்டகை அலுவலகத்துக்கே சொந்தம் என்பதால், அந்தப் புகார் தெருக்கோடியில் உரிமம் பெற்றுத் தொழில் நடத்தும் சூட்டம்மாவின் கோப்பில் சேர்க்கப்பட்டது. உரிமத்தை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று அவருக்கு அறிவிப்புப் போயிற்று. இணைப்பு: என் கடிதம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். நான் அனுப்பிய நான்கு திருத்தக் கடிதங்களுக்கு இன்றுவரை பதில் இல்லை. நகல்கள் பத்திரமாக உள்ளன.

நகல்களை எடுத்துக்கொண்டு தயக்கத்தோடு களத்துக்குப் போனேன். “நீங்கதானா அந்தப் பதினேழு வரி? சண்டையை அப்புறம் போட்டுக்கலாம், முதல்ல மோந்து பாருங்க” என்றார். “அடர்ந்த மரத்தடி” என்றேன். எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டார். சண்டை இன்னும் பாக்கி.

அதன்பின் அந்த இயந்திரத்தின் பொடியில் ஒரு மூட்டை வரவழைத்தார். விரலால் தேய்த்துப் பார்த்து, “இது உரமில்ல சார், வறுவல். தண்ணியை மட்டும் எடுத்திருக்காங்க. ஒரு மழை பட்டா பழையபடி குப்பைதான்” என்றார். பொடியில் தண்ணீர் தெளித்துப் பிசைந்து ஒரு கண்ணாடிச் சாடியிலும், தம் உரத்தை அதே அளவு ஈரத்தில் இன்னொரு சாடியிலும் அடைத்தார். இரண்டு சாட்சிகள் முன்னிலையில் மூடிகளின் மேல் தாள் ஒட்டப்பட்டது. தேதியும் மூட்டை எண்ணும் என் கையெழுத்தில். மூன்றாம் நாள் காலை பொடிச் சாடியின் கண்ணாடி வெதுவெதுப்பாக இருந்தது. நாத்தனார் தொட்டுப் பார்த்துவிட்டு, “அண்ணி, இதை இங்க தொறந்தீங்க, நான் இன்னொரு அண்ணி தேடிக்குவேன்” என்றார்.

“இங்க எதுக்கு? அவங்க வாங்கினதை அவங்க வீட்லதான் தொறக்கணும்.”

அன்றுதான் நகர அலுவலகத்தில் உரிம விசாரணை. அதிகாரி நோட்டைப் புரட்டினார். “இது விதிப்படியான படிவம் இல்லம்மா.” என் ஒப்புகைச் சீட்டைப் பார்த்து, “இது தனி விஷயம்” என்றார். பிறகு சாய்ந்து உட்கார்ந்து, “உங்களுக்கு வாசனையே தெரியாதாமே? அப்புறம் நாத்தம் இல்லன்னு நீங்க எப்படிச் சொல்றீங்க?” என்று கேட்டார். பக்கத்து நாற்காலியில் இருந்த இயந்திர விற்பனையாளர் சிரித்தார்.

“நியாயமான கேள்வி சார். அதனாலதான் எப்பவும் அடுத்தவங்களைக் கேக்குறேன். இன்னிக்கு உங்களைக் கேக்குறேன்.”

முதலில் தம் சாடியைத் திறந்தார். அதிகாரி குனிந்து, “மண்ணுதான்” என்றார் மனமில்லாமல். சூட்டம்மா அதை எழுதிக்கொண்டார். பிறகு, தாளில் இருந்த மூட்டை எண்ணை உரக்கப் படித்துவிட்டு, இரண்டாவது மூடியைத் திருகினார்.

விற்பனையாளரின் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. எழுத்தர் சன்னலுக்கு ஓடினார். அதிகாரி கைக்கு அகப்பட்ட கோப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார். அது சூட்டம்மாவின் கோப்பு. “மூடுங்கம்மா! முதல்ல அதை மூடுங்க!”

அந்த அறையில் அசையாமல் நின்றவர் அவர் ஒருவரே. நோட்டை அன்றைய தேதியில் விரித்து, பென்சிலோடு அதிகாரியின் பக்கம் நகர்த்தினார்.

“என்ன வாசனைன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க சார். மூடிடலாம்.”

அதிகாரி வாசலைப் பார்த்தார். சூட்டம்மா மூடியைச் சட்டைப்பைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டினார். விழுந்து கிடந்த நாற்காலியை நிமிர்த்தி, சாடிக்கு எதிரே போட்டு உட்கார்ந்துகொண்டார்.